வளைவில் மூட்டையைத் தள்ளியது யார்?

அக்டோபர் 4, மாலை: கேள்வி

என் பையன் பதினொன்றாம் வகுப்பு. வளைவில் போகும் வண்டியை மையநோக்கு விசை உள்ளே இழுக்கிறது, மையவிலக்கு விசை வெளியே தள்ளுகிறது, இரண்டும் சமம் என்று ட்யூஷனில் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். சமமென்றால் கூட்டினால் சுழி. சுழி என்றால் வண்டி நேராகத்தானே போகவேண்டும், எப்படி வளைகிறது? அதே சமயம் குன்னூர் பஸ்ஸில் நான் ஜன்னலோடு நசுங்கி வந்ததும் பொய்யில்லை. வெளியே தள்ளுகிற விசை உண்டு என்பது என் கட்சி. மறுக்கிறவர்கள் இந்த இழையில் மறுக்கலாம்.

அக்டோபர் 4, இரவு 9.40: ஒரு பிக்கப் டிரைவரின் பதில்

மறுக்கிறேன். பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டுப் பதினாறு வருடமாகப் பிக்கப் ஓட்டுகிறேன். கேத்தியில் காய் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்குவது பிழைப்பு. கல்லாறு இறங்குவதற்குள் பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஆக இந்தப் பாடத்தை நான் தினமும் பதினான்கு தடவை படிக்கிறேன்.

வண்டி வாங்கிய முதல் வருடம். முட்டைகோஸ் லோடு. பக்கப் பலகைக்கு மேலே மூன்று வரிசை ஏற்றிவிட்டேன், வாடகை ஆசை. பர்லியாற்றுக்குக் கீழே இடப்பக்கம் திரும்பும் ஒரு வளைவில் கயிறு விட்டுவிட்டது, மேலே இருந்த மூன்று மூட்டை வலப்பக்கமாகப் போய் விழுந்தது. எதிரே வண்டி வராதது என் அம்மா செய்த புண்ணியம். இறங்கி ஓடி, "வளைவு தூக்கி வெளிய வீசிருச்சுக்கா" என்று அங்கே டீக்கடை போட்டிருந்த அக்காவிடம் புலம்பினேன். அவர் வடைச்சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "மூட்டை நேராத்தான் போச்சு தம்பி. நீதான் திரும்பிட்ட."

போய்ப் பார்த்தால் அப்படித்தான். நான் வளைவுக்குள் நுழைந்த கோட்டை அப்படியே நீட்டினால் எங்கே போய் முட்டுமோ அந்தத் தடுப்புச் சுவரோரம் கிடந்தது மூன்றும். வளைவின் நடுவிலிருந்து பார்த்து "வெளிப்பக்கம்" என்று நான் கை காட்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. மூன்று வருடம் கல்லூரியில் தொடுகோடு, அதாவது வளைவைத் தொட்டு நேரே போகும் கோடு, வரைந்தவன் நான்.

ஜன்னலில் நசுங்கிய கதையும் இதே கதைதான். நீங்கள் நேராகப் போகப் பார்த்தீர்கள், பஸ் திரும்பி வந்து உங்கள் தோளில் இடித்தது. உங்களைத் தள்ளியது ஜன்னல், அதுவும் உள்பக்கமாக. பையனிடம் சொல்லுங்கள், வெளியே தள்ளுகிற விசை என்று ஒன்று கிடையாது.

அக்டோபர் 5, காலை 5.15

மண்டியில் முறைக்குக் காத்திருக்கிறேன். இன்னொருவர் கேட்டிருக்கிறார்: வேகம் மாறவேயில்லை, மணிக்கு 20 என்றால் 20-தான், அப்புறம் எங்கிருந்து முடுக்கம் வரும்?

கொண்டை ஊசி வளைவுதான் இதற்கு நல்ல கரும்பலகை. கிழக்கே பார்த்து 20-ல் நுழைகிறீர்கள். மேற்கே பார்த்து 20-ல் வெளியே வருகிறீர்கள். மீட்டர் முள் அசையவில்லை. ஆனால் கிழக்கே போன 20 அழிந்து மேற்கே ஒரு 20 பிறந்திருக்கிறது, மொத்தம் 40 மாறியிருக்கிறது. திசையோடு சேர்ந்த வேகம் ஒரு நொடிக்கு எவ்வளவு மாறுகிறது என்பதுதான் முடுக்கம்.

கணக்கும் போட்டுவிடுவோம். 20 என்பது நொடிக்கு 5.56 மீட்டர். மலைச்சாலை விதிப்படி கொண்டை ஊசியின் உள்ஓரத்துக்குக் குறைந்தது 14 மீட்டர் ஆரம், அதையே எடுத்துக்கொள்கிறேன். அரைவட்டம் 44 மீட்டர், கடக்க 7.9 நொடி. மாற்றம் அந்த 40, அதாவது நொடிக்கு 11.1 மீட்டர், அதை 7.9-ஆல் வகுத்தால் 1.4. ஆக முடுக்கம் 1.4 மீ/வி².

முறை வந்துவிட்டது.

அக்டோபர் 5, இரவு

தப்பு. மேலே போட்ட 1.4-ஐப் பையன் பரீட்சையில் எழுதினால் மார்க் போய்விடும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் 2.2 வருகிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார், சரிதான். நான் போட்டது சராசரி. வளைவின் ஒவ்வொரு கணத்திலும் முடுக்கம் 2.2-தான், ஆனால் அதன் திசை கூடவே சுற்றுகிறது. எப்போதும் வட்டத்தின் நடுவைப் பார்க்கும், நடுவோ நமக்கு ஒரு சமயம் தெற்கே, ஒரு சமயம் மேற்கே. திசை மாறும் அம்புகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் கொஞ்சம் ஒன்றையொன்று தின்றுவிடும், மிஞ்சுவது 1.4. 2.2-ஐ 2-ஆல் பெருக்கி பை-ஆல் வகுத்துப் பாருங்கள், அதேதான் வரும்.

இதில் இன்னொரு பாடம் இருக்கிறது, அதை நானே மறந்திருந்தேன். சீரான வட்ட இயக்கத்தில் "முடுக்கம் மாறிலி" என்று வாய் தவறிச் சொல்வார்கள். அளவுதான் மாறிலி.

அக்டோபர் 7

"வளைவில் லோடு ஏற்றிய லாரிக்கு ஒரு வேகம், காலி பைக்குக்கு ஒரு வேகமா?" என்று கேட்ட நண்பருக்கு. இதில்தான் எனக்குச் சாப்பாடு இருக்கிறது, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வண்டியை உள்ளே இழுப்பது டயருக்கும் தாருக்கும் நடுவே உள்ள உராய்வு. எடை கூடினால் தேவைப்படும் விசையும் கூடுகிறது, கிடைக்கும் உராய்வும் அதே அளவுக்குக் கூடுகிறது, எடை இரண்டு பக்கமும் அடிபட்டுப் போய்விடும். மிஞ்சுவது வேகம், ஆரம், ரோட்டின் பிடிப்பு. காய்ந்த தாரில் உராய்வுக் கெழு (கிடைக்கும் பிடிப்பை எடையால் வகுத்த எண்) சுமார் 0.7, நனைந்தால் சுமார் 0.4. 14 மீட்டர் ஆரத்துக்கு காய்ந்த ரோட்டில் 35-ல் வழுக்க ஆரம்பிக்கும், ஈர ரோட்டில் 27 கூடத் தாங்காது. பைக்கோ லாரியோ, வழுக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கவிழ்வதுதான் வேறு கதை. அதை முடிவு செய்வது எடையில்லை, எடை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் இடையே உள்ள அகலத்தில் பாதியை, லோடோடு சேர்ந்த எடை மையத்தின் உயரத்தால் வகுங்கள். என் வண்டிக்குப் பாதி அகலம் 0.7 மீட்டர். அளவாக ஏற்றினால் எடை மையம் ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும் என்று வையுங்கள், விடை 0.7. கோஸைக் கோபுரமாக அடுக்கி 1.4 மீட்டருக்குக் கொண்டுபோனால் 0.5. அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு உள்நோக்கி முடுக்கம் வந்தாலே உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். நம் வளைவில் அது மணிக்கு 30.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மழையில் பிடிப்பு 0.4, கவிழ 0.5 வேண்டும். கவிழ்வதற்கு முன்னால் வழுக்கிவிடும். வெயிலில் பிடிப்பு 0.7, வழுக்குவதற்கு முன்னால் கவிழ்ந்துவிடும். மழையில் பயந்து மெதுவாகப் போகிற ஆள், நல்ல வெயிலில் காய்ந்த ரோட்டில், "இன்னிக்கு ரோடு நல்லாருக்கு" என்று அழுத்துவான். அந்த நல்ல ரோடுதான் அவனைக் கவிழ்க்கிறது. உயர லோடோடு வெயில் நாளில் படுத்துக்கிடக்கும் வண்டிகளைப் பார்த்து எனக்கு இது ரொம்ப நாள் புரியாமல் இருந்தது.

அக்டோபர் 7, சற்றுக் கழித்து

எந்த கியர் என்று கேட்டவருக்கு: செகண்ட். ஏறும்போதும் இறங்கும்போதும். இதற்கு இயற்பியல் கேட்காதீர்கள், என் அப்பாவைக் கேளுங்கள்.

அக்டோபர் 8

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிட்டதால் இன்னொன்று. அவர் முப்பது வருடம் பஸ் ஓட்டினார். எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விதி: "வளைவுக்கு முன்னாடியே குறைச்சுக்க. உள்ள போயிட்டு பிரேக்கைத் தொடாத." ஏன் என்று கேட்டால் முறைப்பார். காரணம் எனக்கு இரண்டாம் வருடப் பாடத்தில்தான் கிடைத்தது.

டயரிடம் இருப்பது ஒரே ஒரு பிடிப்பு. திரும்பவும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும், நிறுத்தவும் அதிலிருந்துதான். இரண்டும் செங்குத்தான திசைகள் என்பதால் பிதாகரஸ் கணக்கு. மழையில் மொத்தம் 0.4 இருக்கிறது. பதறிப்போய் பிரேக்குக்கு 0.3 செலவு செய்தால், திரும்ப மிஞ்சுவது 0.26. 27-ல் தாங்கிய வளைவு 22-க்குக்கூடத் தாங்காது. வேகத்தைக் குறைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே வழுக்குவோம்.

இந்த இடத்தில் இயக்கம் "சீரான"து இல்லை என்பதையும் சொல்லவேண்டும். பிரேக் போட்டால் முடுக்கம் நடுவைப் பார்க்காது, பின்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்துவிடும். பையனின் பாடம் வேகம் மாறாத வண்டிக்கு.

அப்பாவிடம் இந்தப் பிதாகரஸைச் சொன்னேன். "அதைத்தானே நானும் சொன்னேன்" என்றார்.

அக்டோபர் 11

நான்காம் தேதி எழுதியதை இன்று கொஞ்சம் திரும்பப் பெறுகிறேன். வெளியே தள்ளும் விசை "கிடையாது" என்று வீராப்பாக எழுதிவிட்டு, ஏழாம் தேதி கவிழும் கணக்கை எப்படிப் போட்டேன்? வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, எடை மையத்தை ஏதோ ஒன்று வெளியே தள்ளுவதாக மனதில் வைத்துக்கொண்டுதான் போட்டேன். ஒருவர் அதைப் பிடித்துவிட்டார், நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

டீக்கடை அக்கா ரோட்டோரம் நின்று பார்த்தார். அவர் கணக்கில் உள்நோக்கிய விசை ஒன்றுதான், அதுதான் வண்டியைத் திருப்புகிறது. நான் வண்டிக்குள் இருக்கிறேன், என் பார்வையில் மூட்டை அசையாமல் இருக்கிறது, ரோடுதான் சுற்றுகிறது. அசையாத மூட்டையைக் கயிறு உள்ளே இழுக்கிறதே, எதிர்ப்பக்கம் ஒன்று இழுக்காவிட்டால் அது எப்படி அசையாமல் இருக்கும்? அதற்காகச் சேர்க்கிற கணக்குப்பிள்ளைதான் மையவிலக்கு விசை. போலி விசை என்று புத்தகம் சொல்லும். சுற்றுகிற வண்டியை நின்ற இடமாகக் கருதினால் அது வேண்டும், தரையில் நின்றால் வேண்டாம். பையன் ட்யூஷனில் எழுதிய "இரண்டும் சமம்" வண்டிக்குள் சரி, அங்கே வண்டி அசைவதில்லை, ஆகவே கூட்டல் சுழி. ரோட்டில் நின்றுகொண்டு அதைச் சொன்னால் தப்பு. அவன் செய்த பிழை அக்கா பாதி, டிரைவர் பாதி என்று கலந்ததுதான்.

பெயர்களின் வரிசையைப் பார்த்தாலும் மனிதர்கள் டிரைவர் சீட்டிலிருந்துதான் தொடங்கியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. டச்சுக்காரர் ஹைகன்ஸ் 1659-ல் இந்தக் கணக்கைப் போட்டபோது வைத்த பெயர் மையவிலக்கு. நியூட்டன் அதைத் திருப்பிப்போட்டு மையநோக்கு என்று அச்சில் எழுதியது 1687-ல்.

இன்னொன்று: இந்த இரண்டையும் செயல், எதிர்ச்செயல் என்று சொல்லாதீர்கள் (ஒருவர் சொல்லியிருக்கிறார்). எதிர்ச்செயல் வேறு பொருள்மீது விழவேண்டும். தார் டயரை உள்ளே தள்ளுகிறது, டயர் தாரை வெளியே தள்ளுகிறது, ஜோடி அதுதான்.

அக்டோபர் 12

கவண் உதாரணத்தைப் போட்டவருக்கு ஒரு சபாஷ். சங்கப் பாட்டில் தினைப்புனம் காக்கிறவர்கள் கயிற்றில் கல்லை வைத்துச் சுற்றிக் கவண்கல் எறிவார்களே, கயிறை விட்ட கணத்தில் கல் நடுவிலிருந்து வெளியே போவதில்லை, தொடுகோட்டில் போகிறது. வெளிப்பக்கம் போகும் என்று நம்பிக் குறிபார்த்திருந்தால் குறிஞ்சி நிலத்தில் ஒரு தினைகூட மிஞ்சியிருக்காது.

சின்ன வயதில் நாங்கள் செய்தது பால் தூக்குவாளி. சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு, திரும்பும்போது தண்ணீர் நிரப்பித் தலைக்கு மேல் சுற்றுவோம். கை, வாளி எல்லாம் சேர்த்து ஆரம் 0.8 மீட்டர் இருக்கும். உச்சியில் தண்ணீர் விழாமலிருக்க நொடிக்கு 2.8 மீட்டராவது வேண்டும், ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அதைவிட மெதுவாகச் சுற்றினால் குளியல். ஊட்டிக் குளிரில் ஜனவரி மாதம் அதைச் செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

அக்டோபர் 12, இரவு

மேலே ஒரு திருத்தம். செங்குத்தாகச் சுற்றும் வாளி மேலே மெதுவாகும், கீழே விரையும், அது சீரான வட்ட இயக்கமே இல்லை. 1.8 நொடி என்பது வேகம் மாறாமல் கையால் பிடித்துச் சுற்றினால் மட்டும். சும்மா வீசிவிட்டால் கணக்கு வேறு. ஆனால் தண்ணீர் ஏன் விழவில்லை என்பதற்கு விடை அதேதான்: விழுகிறது, வாளி அதைவிட வேகமாகக் கீழே வந்து பிடித்துக்கொள்கிறது.

அக்டோபர் 15

மூன்று நாள் மழை. மண் சரிந்து ரோட்டை அடைத்ததால் வண்டி வீட்டில். சும்மா இருக்கும்போது ஒரு புதிர்.

போன மே மாதம் மகளுக்கு ஊட்டி ஏரிக்கரையில் கேஸ் பலூன் வாங்கிக் கொடுத்தேன். கேபினுக்குள் கண்ணாடி ஏற்றிவிட்டு இறங்குகிறோம். வளைவில் மகள் கதவுப்பக்கம் சாய்கிறாள், தண்ணீர் பாட்டில் உருள்கிறது. பலூன் மட்டும் எதிர்ப்பக்கம், வளைவின் உள்பக்கமாகச் சாய்ந்தது. ஒவ்வொரு வளைவிலும். "அப்பா, இதுக்கு மட்டும் ரோடு தெரியுது" என்றாள்.

விடையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: கேபினுக்குள் இருக்கும் காற்றும் மூட்டை மாதிரிதான், நேராகப் போகப் பார்த்து வெளிப்பக்கம் கொஞ்சம் நெருக்கமாகிறது. அந்தப் பக்கம் அழுத்தம் கூடுகிறது. கனமில்லாத பலூனை அது உள்ளே தள்ளிவிடுகிறது. மேலே மிதப்பதற்கும் இதுதான் காரணம், திசைதான் வேறு.

அக்டோபர் 16

மலை ரயிலில் ஏன் யாரும் சாய்வதில்லை என்று கேட்டிருந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், 208 வளைவு என்கிறார்கள். ஆனால் பல்சக்கரம் உள்ள ஏற்றத்தில் மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் அது போவதில்லை. வளைவின் ஆரம் 100 மீட்டர் என்று வைத்தாலே முடுக்கம் 0.13. நம் கொண்டை ஊசியின் 2.2 எங்கே, இது எங்கே. வேகம் வர்க்கத்தில் வருவதால் மெதுவாகப் போகிறவனை வளைவு கண்டுகொள்வதே இல்லை.

சீரான வட்ட இயக்கத்தில் மையநோக்கு விசை இயற்பியல் கணக்கில் வேலை செய்வதில்லை, அதாவது ஆற்றலைக் கூட்டுவதும் குறைப்பதும் இல்லை, அப்புறம் வளைவில் ஏன் டீசல் குடிக்கிறது என்று கேட்டவருக்கு: குடிப்பது வளைவு இல்லை, அதற்கு முன்னால் கொன்ற வேகத்தை அப்புறம் திரும்ப எழுப்புவது. டயர் தேய்வதும் கொஞ்சம்.

அக்டோபர் 17

ரோடு இன்னும் திறக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் நாம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 11.4 பாகை வடக்கே. பூமி சுழல்வதால் இந்த ஊர் மணிக்கு சுமார் 1,640 கிலோமீட்டரில் போகிறது. அவ்வளவு வேகமென்றாலும் ஆரம் ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்பதால் முடுக்கம் 0.033 மீ/வி² மட்டும். பூமி சுழலாமல் நின்றுவிட்டால் 60 கிலோ ஆள் வீட்டுத் தராசில் சுமார் 200 கிராம் கூடக் காட்டுவார். மண்டித் தராசில் இதைவிட அதிகம் போகிறது, அதை நான் சொல்லவில்லை.

அக்டோபர் 20

கடைசித் திருத்தம், இனி வேறு யாராவது கண்டுபிடித்தால் அவரே எழுதட்டும். ஏழாம், எட்டாம் தேதிக் கணக்குகளில் ரோடு மட்டமாக இருப்பதாக வைத்துவிட்டேன். கொண்டை ஊசியில் வெளிப்பக்கம் உயர்த்திப் போடுவார்கள், பத்துக்கு ஒன்று சாய்வு வரை. ரோடு வண்டியைத் தாங்கும் விசையே கொஞ்சம் உள்பக்கம் சாய்ந்து திருப்ப உதவும். ஈர ரோட்டில் 27 என்றது அப்போது 30-ஐத் தாண்டும். பொறியாளர்கள் உராய்வை 0.4 என்றெல்லாம் நம்புவதில்லை, 0.15 மட்டும் எடுத்துக்கொண்டு சாய்வு 0.1 சேர்த்து 0.25-க்கு வடிவமைக்கிறார்கள். 14 மீட்டரில் 20 கிலோமீட்டருக்குத் தேவை 0.225. இப்படித்தான் அந்த 14-ம் 20-ம் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. நான் முதல் வருடம் எந்த வேகத்தில் நுழைந்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

அக்டோபர் 22

ரோடு திறந்துவிட்டது. இன்று கோஸ். பலகைக்கு மேலே ஒரு வரிசைதான் ஏற்றினேன். எட்டு மூட்டை குறைகிறதே என்று மண்டியில் கேட்டார்கள். எடை மையம், பாதி அகலம் என்று பொறுமையாக விளக்கினேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள், வாடகையில் எட்டு மூட்டைக்குக் கழித்துவிட்டார்கள். திரும்பும் வழியில் அக்கா கடையில் டீ. இந்த இழையைப் படித்துக் காட்டினேன். "இதுக்கா இத்தனை நாளு?" என்றார்.